ஓசை குறைந்த காற்றழுத்தப் பொறியைத் தேர்ந்தெடுத்தல்

ஓய்வு நேரத்தில் பொம்மைகளுக்கும் சிறு மாதிரிப் பொருள்களுக்கும் காற்றுத் தூரிகையால் வண்ணம் தீட்டும் அங்கத்தினர், கம்ப்ரஸர் எனப்படும் காற்றழுத்தப் பொறியை வாங்குமுன் சிலவற்றை அறிதல் நலம்.

முதலாவது, தேவை. காற்றுத் தூரிகைக்குச் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 25 பவுண்டு அழுத்தம் பெரும்பாலும் போதும். பட்டறைக்குரிய பெரிய பொறி இதற்கு வேண்டுவதில்லை. அது இரைச்சலையே மிகுவிக்கும்.

இரண்டாவது, ஓசை. இது டெசிபெல் என்னும் அளவால் குறிக்கப்படும். 10 டெசிபெல் கூடினால் ஓசை நம் செவிக்கு ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். ஆகவே 40-க்கும் 60-க்கும் உள்ள வேறுபாடு நான்கு மடங்காகும். எவ்வளவு தொலைவில் நின்று அளந்தனர் என்பதையும் வினவ வேண்டும்; தொலைவு கூடினால் எண் குறையும்.

மூன்றாவது, வகை. குளிர்பதனப் பெட்டியின் பொறியை ஒத்த, எண்ணெயிட்ட வகை மிக அமைதியானது. ஆனால் அதைச் சாய்க்கலாகாது, எண்ணெயையும் கவனித்து மாற்ற வேண்டும், விலையும் கூடுதல். எண்ணெயில்லா வகைக்குப் பராமரிப்புக் குறைவு. ஓசை சற்று மிகும்.

நான்காவது, காற்றுத் தொட்டி. 3 லிட்டர்த் தொட்டி இருப்பினும் மோட்டார் இடையிடையே ஓய்வு பெறும். காற்றும் துடிப்பின்றி வரும். அழுத்தச் சீராக்கியும் ஈரம் பிரிக்கும் வடிகட்டியும் இன்றியமையாதவை. வேலை முடிந்ததும் தொட்டியின் நீரை வடிக்காவிடில் உள்ளே துருப்பிடிக்கும்.

பொறியின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு இட்டால் அதிர்வு தரையில் பரவுவது குறையும். விளம்பரத்தை மட்டும் நம்பாது, கடையிலேயே இயக்கச் செய்து காதால் கேட்டு வாங்குவோம். சுவருக்கு அப்பால் அயலார் உறங்கும் வீடுகளில் வாழ்கிறோம். பொழுதுபோக்கு நமக்கு, இரைச்சல் அவர்களுக்கு என்றாகலாகாது.