மௌனத்தால் பேசிய கலைஞர்

உரைநடை

நுழையும்முன்

நாடகம் பார்க்கும்போது நடிகர் பேசும் சொற்களை நாம் கூர்ந்து கேட்கிறோம். அவர் ஒன்றும் பேசாமல் நிற்கும் நேரத்திலும் நம் மனத்தை ஈர்க்க முடியுமா? உள்ளத்து உணர்வு உடலின் வழியே வெளிப்படுவதைத் தொல்காப்பியம் ‘மெய்ப்பாடு’ என்று குறிப்பிடுகிறது. அதற்கெனத் தனி இயலே வகுத்துள்ளது. மெய்ப்பாட்டில் தேர்ந்த ரஷ்ய நடிகர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது. போரிலும் சிறைமுகாமிலும் வறுமையிலும் அவர் கண்டவை எவ்வாறு கலையாக மலர்ந்தன என்பதை அறிவோம்.

சைபீரியச் சிற்றூர்

இன்னொகேந்தி ஸ்மொக்துனோவ்ஸ்கி 1925ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் சைபீரியாவின் தோம்ஸ்க் பகுதியிலுள்ள தத்யானொவ்கா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் உழவுக் குடும்பம். பசியும் வறுமையும் அக்குடும்பத்தை ஊர்விட்டு ஊர் துரத்தின. கிராஸ்னயார்ஸ்க் நகரில் இருந்த அத்தையின் வீட்டில் அவர் வளர்ந்தார். பள்ளியில் நாடகக் குழுவில் சேர்ந்தார். பின்னர் அந்நகர நாடக அரங்கில் கூட்டத்துள் ஒருவராக நிற்கும் சிறு வேடங்களை ஏற்றார். மேடையின் மீது அவருக்கிருந்த பற்று இவ்வாறு தொடங்கியது. அதற்குள் இரண்டாம் உலகப்போர் மூண்டது. போருக்குச் சென்ற தந்தை வீடு திரும்பவில்லை.

போர்க்களமும் சிறைமுகாமும்

1943ஆம் ஆண்டு அவரும் படையில் சேர்க்கப்பட்டார். முதலில் படை அதிகாரிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பயிற்சி நேரத்தில், அறுவடை முடிந்த வயலில் எஞ்சிக் கிடந்த உருளைக்கிழங்குகளைப் பொறுக்கியதற்குத் தண்டனையாக, சாதாரண வீரராகப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 18.

கூர்ஸ்க் போரில் பங்கேற்றபின் அவருடைய படைப்பிரிவு நீப்பர் ஆற்றைக் கடந்தது. பகைவரின் குண்டுமழைக்கு நடுவே, தலைமையகத்திற்குரிய தாள்களை அவர் ஆற்றின் மறுகரைக்குக் கொண்டு சேர்த்தார். இவ்வீரச் செயலுக்காக அவருக்குப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது அவர் கைக்கு வந்து சேரவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் உக்ரைனின் ஷித்தோமிர் நகரருகே ஜெர்மானியப் படையிடம் அவர் சிறைப்பட்டார். ஏறத்தாழ ஒரு மாதம் சிறைமுகாம்களில் பட்டினியோடு போராடினார். கைதிகளை வேறிடத்திற்கு நடத்திச் சென்றபோது தப்பினார். உக்ரைனியக் குடும்பம் ஒன்று அவரைத் தன் வீட்டில் மறைத்து வைத்துக் காத்தது. தப்பிய கைதிக்கு அடைக்கலம் தருவோர் உயிரிழக்க நேரிடும் என்பதை அறிந்தே அக்குடும்பத்தினர் அதனைச் செய்தனர். உடல் தேறியபின் கரந்தடிப் படையினரோடு சேர்ந்தார். பின்னர் மீண்டும் செஞ்சேனையில் இணைந்து, போர் முடியும் வரை களத்தில் நின்றார்.

வடதுருவ வட்டத்திற்கு அப்பால்

போர் முடிந்தது, ஆனால் அவருடைய துன்பம் முடியவில்லை. அக்காலச் சோவியத் அரசு, பகைவரிடம் சிறைப்பட்ட தன் வீரர்களையே ஐயத்துடன் நோக்கியது. தப்பி வந்து மீண்டும் போரிட்டவர்கூட அந்த ஐயத்திலிருந்து விடுபடவில்லை. பெருநகரங்களில் வாழ அவருக்குத் தடை இருந்தது. எந்நேரமும் தாம் கைது செய்யப்படலாம் என்னும் அச்சம் அவரை வாட்டியது.

எனவே 1946ஆம் ஆண்டு, வடதுருவ வட்டத்திற்கு அப்பால் உள்ள நொரில்ஸ்க் நகரின் நாடக அரங்கில் சேர்ந்தார். கைதிகளின் உழைப்பால் உருவான சுரங்க நகரம் அது. குளிர்காலத்தில் அங்குப் பல வாரங்கள் கதிரவன் எழுவதே இல்லை. இதைவிடத் தொலைவான இடத்திற்குத் தம்மை யாரும் அனுப்ப முடியாது என்று எண்ணியே அவர் அங்குச் சென்றார். அவ்வரங்கின் நடிகர்களுள் சிலர் கைதிகளாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் இருந்தனர். ‘ஸ்மொக்துனோவிச்’ என்னும் தம் குடும்பப் பெயரை அவர் ‘ஸ்மொக்துனோவ்ஸ்கி’ என மாற்றிக்கொண்டதும் அங்குதான்.

அங்கே தண்டனைக் காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த கியோர்கி ஷ்ஷோனவ் என்னும் நடிகர் அவருடைய திறமையை உணர்ந்தார். வேறு நகரங்களுக்குச் சென்று முயலுமாறு ஊக்கினார். காய்கறியும் வெயிலும் அரிதான அவ்வூர் வாழ்க்கையால் ஸ்மொக்துனோவ்ஸ்கியின் உடல்நலமும் குன்றியிருந்தது. மகச்கலா, ஸ்தாலின்கிராத் ஆகிய நகர்களின் அரங்குகளில் சில காலம் நடித்தபின், 1955ஆம் ஆண்டு அவர் மாஸ்கோவை அடைந்தார்.

மாஸ்கோவின் மூடிய கதவுகள்

மாஸ்கோவில் எந்த அரங்கும் அவரை நடிகராக ஏற்கவில்லை. தங்க இடமின்றி, சில இரவுகளை அடுக்குமாடிக் கட்டடங்களின் படிக்கட்டுகளில் கழித்தார். நல்ல உடை இல்லாமையால், கோடையிலும் பனிச்சறுக்கு விளையாட்டுக்குரிய தடித்த உடையையே அணிந்து திரிந்தார். ஓர் அரங்கில் துணைவேடங்கள் மட்டுமே கிடைத்தன.

இந்நிலையில் திரைப்பட இயக்குநர் மிகயீல் ரோம் அவருக்கு ஒரு சிறு வேடம் அளித்தார். படப்பிடிப்பில் பதற்றத்தால் அவருக்குப் பேச்சு தடுமாறியது. அதே காட்சியைப் பலமுறை எடுக்க வேண்டியதாயிற்று. உடனிருந்தோர் சலித்தனர்; ரோம் சலிக்கவில்லை. பொறுமையோடு காத்திருந்து அக்காட்சியை முடித்தார். சில ஆண்டுகளுக்குப்பின் ‘ஓராண்டின் ஒன்பது நாள்கள்’ (1962) என்னும் தம் புகழ்பெற்ற படத்தில், அணு இயற்பியலாளர் ஒருவரின் முதன்மை வேடத்தையும் அவருக்கே ரோம் வழங்கினார்.

மிஷ்கினைக் கண்ட நாள்

‘போர்வீரர்கள்’ (1956) என்னும் படத்தில், களத்திலும் சிந்தனையில் மூழ்கியிருக்கும் அமைதியான அதிகாரியாக ஸ்மொக்துனோவ்ஸ்கி நடித்தார். லெனின்கிராத் பெருநாடக அரங்கின் இயக்குநர் கியோர்கி தொவ்ஸ்தொநோகவ் அப்படத்தைக் கண்டார்; அந்தக் கண்களை அவரால் மறக்க இயலவில்லை. தஸ்தயேவ்ஸ்கியின் நாவலைத் தழுவிய நாடகத்தில், கள்ளமற்ற உள்ளம் கொண்ட இளவரசர் மிஷ்கினாக நடிக்க அவரை அழைத்தார். இந்நாவலை எம்.ஏ. சுசீலா ‘அசடன்’ என்னும் பெயரில் தமிழாக்கம் செய்துள்ளார்.

ஒத்திகைகள் வாரக்கணக்கில் நீண்டன. மிஷ்கின் எவ்வாறு நடப்பார், எவ்வாறு பார்ப்பார் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. வேடத்தைக் கைவிட்டுவிடலாமா என்றுகூட எண்ணினார். அக்காலத்தில் ஒருநாள், திரைப்பட நிலையத்தில் ஆரவாரமிக்க கூட்டத்திற்கு நடுவே ஒருவர் நின்றபடி நூல் படித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். சுற்றியிருந்த இரைச்சல் அம்மனிதரைத் தொடவே இல்லை. ‘இவரே மிஷ்கின்’ என்று அவர் உள்ளம் கூறியது. அம்மனிதர் பல ஆண்டுகள் சிறைமுகாம்களில் வாடியவர் என்பதைப் பின்னரே அறிந்தார். அத்தனை துன்பத்திற்குப் பின்னும் கசப்பின்றி நிற்க ஒருவரால் இயலும் என்பதை அந்த ஒரு காட்சி அவருக்கு உணர்த்தியது.

1957ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் நாடகம் அரங்கேறியது. மிஷ்கின் தயங்கித் தயங்கிப் பேசினார். தம்முன் நிற்பவரின் துயரத்தைத் தம் துயரம்போல் நோக்கினார். அரங்கம் மூச்சடக்கி அமர்ந்திருந்தது. முப்பத்திரண்டு வயது வரை பெயர் அறியப்படாதிருந்த நடிகர், நாடெங்கும் பேசப்படலானார். 1966ஆம் ஆண்டு இந்நாடகம் இங்கிலாந்திலும் பிரான்சிலும் நிகழ்த்தப்பட்டது.

ஹாம்லெட்

இயக்குநர் கிரிகோரி கொஸிந்த்சேவ், ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தை 1964ஆம் ஆண்டு கறுப்பு வெள்ளைத் திரைப்படமாக்கினார். கவிஞர் பரீஸ் பாஸ்டர்நாக்கின் ரஷ்ய மொழிபெயர்ப்பை அப்படம் பயன்படுத்தியது. திமித்ரி ஷோஸ்டகோவிச் இசையமைத்தார். ஹாம்லெட்டாக ஸ்மொக்துனோவ்ஸ்கி நடித்தார்.

அரண்மனையில் தம்மை உளவு பார்க்க வந்த பழைய நண்பரிடம் ஹாம்லெட் ஒரு குழலை நீட்டி, அதனை வாசிக்குமாறு கேட்கும் காட்சி உண்டு. நண்பர் தமக்கு வாசிக்கத் தெரியாது என்கிறார். சிறு குழலையே இசைக்கத் தெரியாதவர், மனிதர் ஒருவரைத் தம் விருப்பம்போல் இசைத்துவிட எண்ணலாமா என்பது ஹாம்லெட்டின் கேள்வி. அதனை அவர் கூச்சலிட்டுக் கேட்கவில்லை. தாழ்ந்த குரலில், அளந்து கேட்டார். ஐயத்தின் நிழலில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர் கேட்ட கேள்வியாதலால் அதன் கூர்மை பெரிது. வெனிஸ் திரைப்பட விழாவில் இப்படம் சிறப்புப் பரிசு பெற்றது. 1965ஆம் ஆண்டு அவருக்கு லெனின் பரிசு வழங்கப்பட்டது.

நகைச்சுவையிலும் ஆழம்

துயர வேடங்களில் மட்டுமே அவர் சிறந்தார் என்று கருதலாகாது. எல்தார் ரியாசானவ் இயக்கிய ‘காரைப் பற்றி எச்சரிக்கை’ (1966) என்னும் நகைச்சுவைப் படத்தில் தேத்தொச்கின் என்னும் காப்பீட்டு முகவராக நடித்தார். தேத்தொச்கின், முறைகேடாகப் பொருள் சேர்த்தோரின் மகிழுந்துகளைத் திருடி விற்று, அப்பணத்தைக் குழந்தைகள் இல்லங்களுக்கு அனுப்புபவர். அப்படத்தில் அவர் ஒரு தொழில்முறை சாரா நாடகக் குழுவிலும் நடிக்கிறார். அக்குழு நடிக்கும் நாடகம் எது தெரியுமா? ‘ஹாம்லெட்’! தம் புகழ்பெற்ற வேடத்தையே இரண்டாண்டுகளில் நகைச்சுவையாக்கிக் காட்டும் துணிவு அவருக்கு இருந்தது.

1976ஆம் ஆண்டு, ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச்-தான்சென்கோவும் 1898இல் நிறுவிய மாஸ்கோ கலை அரங்கில் சேர்ந்தார். அங்குச் செகாவின் ‘இவானவ்’ நாடகத்தில் முதன்மை வேடம் ஏற்றார். ஒருகாலத்தில் தமக்குக் கதவடைத்த நகரின் புகழ்பெற்ற அரங்கிலேயே தம் இறுதிக்காலம் வரை நடித்தார்.

தாமதமாக வந்த பதக்கம்

1943ஆம் ஆண்டு ஆற்றைக் கடந்த வீரருக்குரிய பதக்கம் என்னவாயிற்று? அது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் அவரைத் தேடி வந்தது. மாஸ்கோ கலை அரங்கில் நாடகம் முடிந்ததும், மேடையிலேயே அப்பதக்கம் அவரிடம் வழங்கப்பட்டது. பதினெட்டு வயதில் செய்த செயலுக்கான மதிப்பை, அறுபதைக் கடந்த வயதில், நாடக உடையுடன் நின்று அவர் பெற்றுக்கொண்டார்.

1994ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் ஸ்மொக்துனோவ்ஸ்கி மறைந்தார். மாஸ்கோவின் நொவொதேவிச்சி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். கூட்டத்தின் நடுவே அமைதியாகப் படித்துக்கொண்டிருந்த மனிதரை அன்று பலர் கடந்து சென்றிருப்பர். ஸ்மொக்துனோவ்ஸ்கி நின்று நோக்கினார். பிறர் துயரை அறிந்திருந்ததால் அவருக்கு அந்தப் பார்வை வாய்த்தது.

சொற்பொருள்

அடைக்கலம் – பாதுகாப்புத் தரும் இடம்
ஐயம் – சந்தேகம்
கரந்தடிப் படை – மறைந்திருந்து தாக்கும் படை
செஞ்சேனை – சோவியத் நாட்டின் படை
ஒத்திகை – அரங்கேற்றத்திற்கு முன் செய்யும் பயிற்சி

பயிற்சி

I. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஸ்மொக்துனோவ்ஸ்கி தம் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்ட நகரம்
அ) மாஸ்கோ ஆ) நொரில்ஸ்க் இ) மகச்கலா ஈ) லெனின்கிராத்

2. ‘ஹாம்லெட்’ திரைப்படத்திற்கு இசையமைத்தவர்
அ) பாஸ்டர்நாக் ஆ) ரோம் இ) ஷோஸ்டகோவிச் ஈ) ரியாசானவ்

II. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.

1. ஸ்மொக்துனோவ்ஸ்கி பயிற்சிப் பள்ளியிலிருந்து போர்முனைக்கு அனுப்பப்பட்டது ஏன்?
2. படப்பிடிப்பில் ரோம் நடந்துகொண்ட முறையை எழுதுக.

III. ஐந்து தொடர்களில் விடையளிக்க.

1. நூல் படித்துக்கொண்டிருந்த மனிதரிடம் ஸ்மொக்துனோவ்ஸ்கி மிஷ்கினை எவ்வாறு கண்டார்?
2. நாட்டுக்காகப் போரிட்டவரையே அரசு ஐயுற்றது முறையா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

IV. பிரித்து எழுதுக.

1. சிற்றூர் 2. போர்க்களம் 3. வடதுருவம் 4. நகைச்சுவை

V. எடுத்துக்காட்டில் உள்ளவாறு மாற்றி எழுதுக.

எ.கா.: ஓர் உக்ரைனியக் குடும்பம் அவரைக் காத்தது. – அவர் ஓர் உக்ரைனியக் குடும்பத்தால் காக்கப்பட்டார்.

1. தொவ்ஸ்தொநோகவ் அவரை அழைத்தார்.
2. கொஸிந்த்சேவ் இப்படத்தை இயக்கினார்.

VI. செயல்பாடு

பேருந்து நிறுத்தம், கடைத்தெரு, தொடர்வண்டி நிலையம் ஆகியவற்றுள் ஓரிடத்தில், தம் பணியில் மூழ்கியிருக்கும் ஒருவரைச் சிறிது நேரம் கவனிக்க. அவருடைய நடை, பார்வை, கைகளின் அசைவு ஆகியவற்றைத் தமிழில் எட்டுத் தொடர்களில் எழுதுக. பின்னர், எதுவும் பேசாமல் அவரைப்போல் வகுப்பில் நடித்துக் காட்டுக. அவர் செய்யும் பணி எது என்பதை நண்பர்கள் கூறட்டும்.