லேபிளில் 12 வோல்ட் வரியைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதி அனுப்பிய உதிரிபாகப் பட்டியலைப் பார்த்தேன். பிராசஸருக்கு ரைசன் 5 7600, கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆர்டிஎக்ஸ் 5070, மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி என்று ஒவ்வொன்றுக்கும் மாடல் எண்வரை குறித்திருக்கிறாய். எஸ்எம்பிஎஸ் என்ற இடத்தில் மட்டும் '650 வாட், விலை குறைந்தது' என்று எழுதி நிறுத்திவிட்டாய். இந்தக் கடிதம் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான். கேபினட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் மின்சாரம் எஸ்எம்பிஎஸ் வழியாகத்தான் போகிறது. ரேம் பழுதானால் ரேமோடு போகும். எஸ்எம்பிஎஸ் மோசமாகப் பழுதானால் மதர்போர்டையும் கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். அதனால் அட்டைப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணை வைத்து அதை வாங்காதே. சுமை திடீரென்று எகிறும்போதும், கரண்ட் தடுமாறும்போதும், அறை கொதிக்கும்போதும் அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொண்டு வாங்கு.

முதலில் அந்த வாட் எண்ணையே எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் நேர்மின்னோட்டங்களாகப் பிரித்துத் தருகிறது. பழைய கம்ப்யூட்டர்களில் பிராசஸருக்கும் 5 வோல்ட்டிலிருந்தே மின்சாரம் போயிற்று. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது நிலைமை மாறியது. பிராசஸருக்கென்று தனியாக 12 வோல்ட் இணைப்பு வந்தது. இன்று பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டிலேயே ஓடுகின்றன. ஆனால் மலிவான எஸ்எம்பிஎஸ் செய்பவர் மூன்று வோல்ட்டுகளின் திறனையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைப் பெட்டியின் மேல் அச்சிட்டுவிடலாம். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே ஆம்பியர் போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்கு. மேலே 450 வாட் என்று போட்டுவிட்டு, அந்தக் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தால், உன் விளையாட்டுக்கு உதவப்போவது 216 வாட்தான். அதுவே 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 54 ஆம்பியர் என்று இருந்தால் 648 வாட். சொன்ன எண்ணும் தருகிற எண்ணும் ஒத்துப்போகின்றன. இது விளம்பரத்தில் நேர்மை இருக்கிறதா என்பதை மட்டும் காட்டுவதில்லை, உள்ளே இருக்கும் சர்க்யூட்டையும் காட்டிக்கொடுக்கிறது. தரமான வடிவமைப்பில் முதலில் 12 வோல்ட்டை மட்டும் உண்டாக்கி, அதிலிருந்து மற்ற இரண்டையும் எடுப்பார்கள். பழைய மலிவு வடிவமைப்பில் 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுப்படுத்துவார்கள். கிராஃபிக்ஸ் கார்டு 12 வோல்ட்டில் பலமாக இழுக்கும்போது அது தொய்ந்து, சுமையே இல்லாத 5 வோல்ட் மேலே ஏறும். கேமிங் கம்ப்யூட்டரில் சுமை எப்போதும் இப்படி ஒரு பக்கமாகத்தான் விழும்.

சரி, உனக்கு எத்தனை வாட் வேண்டும்? உன் பிராசஸர் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் சாக்கெட்டிலிருந்து 88 வாட் வரை எடுக்கும். கிராஃபிக்ஸ் கார்டு 250 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மின்விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 வாட் வைத்துக்கொள். மொத்தம் 400 வாட் அளவில் நிற்கிறது. அப்படியானால் 450 வாட் போதாதா, என்விடியா ஏன் இந்தக் கார்டுக்கு 650 வாட் கேட்கிறது என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. 250 வாட் என்பது சராசரிக் கணக்கு. கிராஃபிக்ஸ் கார்டு ஒரே சீராக மின்சாரம் எடுப்பதில்லை. நொடியின் மிகச் சிறிய துண்டுக்குள் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எகிறி, உடனே இறங்கிவிடும். 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகள் வந்தபோது கணக்குப்படி போதுமான எஸ்எம்பிஎஸ் வைத்திருந்தவர்களுக்கும் விளையாட்டின் நடுவே கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துபோனதற்கு இந்த எகிறல் ஒரு முக்கியக் காரணம். எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சர்க்யூட் அதை அதிகச் சுமை என்று எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிட்டது. இந்தச் சிக்கலை மனத்தில் வைத்தே இன்டெல் 2022-இல் ஏடிஎக்ஸ் 3.0 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. பெரிய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கான எஸ்எம்பிஎஸ், தன் மொத்த வாட்டைப் போல இரண்டு மடங்கு சுமையை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்று அது கேட்கிறது. அடுத்து வந்த ஏடிஎக்ஸ் 3.1, கிராஃபிக்ஸ் கார்டுக்கான புதிய 16 பின் இணைப்பைத் திருத்தியது. சரியாக அழுந்தாத இணைப்பில் மின்சாரம் பாயாதபடி அதன் உணர்வு முனைகளைக் குட்டையாக்கினார்கள். ஆகவே ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 தரத்துக்குச் செய்த 650 வாட், உன் பட்டியலுக்குச் சரியான அளவு. அடுத்த கார்டையும் இப்போதே யோசிக்கிறாய் என்றால் 750 எடு. ஆயிரத்துக்குப் போகத் தேவையில்லை. பெரிய எஸ்எம்பிஎஸ் வீணாகக் கரண்ட் இழுக்கும் என்ற பயமும் வேண்டாம்; கம்ப்யூட்டர் கேட்பதைத்தான் அது தரும்.

அடுத்து எல்லாரும் நம்புவது 80 பிளஸ் சின்னத்தை. பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு, பிளாட்டினம் என்று படிப்படியாக ஏறும் இந்தச் சான்று, சுவரிலிருந்து எடுத்த மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்கிறது. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம் தர வேண்டும். பணக் கணக்கில் இதற்கு என்ன பொருள் என்று பார். 300 வாட் சுமைக்கு பிரான்ஸ் சுமார் 353 வாட் இழுக்கும், கோல்டு 333. தினமும் 4 மணி நேரம் விளையாடினால் ஆண்டுக்கு 29 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 230 ரூபாய்தான். கரண்ட் பில்லுக்காக கோல்டு வாங்குகிறேன் என்பது வலுவான காரணம் இல்லை. கோல்டு வாங்கினால் தரமும் கூடவே வரும் என்பது அதைவிடப் பலமான வாதம். பாதி உண்மை அதில் இருக்கிறது. அந்தத் திறனை எட்ட நல்ல சர்க்யூட்டும் நல்ல பாகங்களும் வேண்டும். ஆனால் 80 பிளஸ் சோதனை சுமார் 23 டிகிரி வெப்பத்தில் நடக்கிறது. 12 வோல்ட் எவ்வளவு தூய்மையாக வருகிறது, அதிகச் சுமையில் பாதுகாப்பு வேலை செய்கிறதா என்பதையெல்லாம் அது பார்ப்பதே இல்லை.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். கிகாபைட் நிறுவனத்தின் பி750ஜிஎம், பி850ஜிஎம் இரண்டும் கோல்டு சான்று பெற்றவை. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பஞ்சம் நிலவிய காலத்தில் அமெரிக்காவில் நியூஎக் கடை கார்டோடு சேர்த்து இவற்றை விற்றது. கம்ப்யூட்டர் பாகங்களை விமர்சிக்கும் கேமர்ஸ் நெக்ஸஸ் குழு இவற்றைச் சோதித்தபோது பல யூனிட்டுகள் பட்டென்று வெடித்துச் செயலிழந்தன. 2021 ஆகஸ்டில் கிகாபைட் அறிக்கை வெளியிட்டு, அதிகச் சுமைப் பாதுகாப்பு 120 முதல் 150 சதவீதத்தில் செயல்படும்படி இருந்ததை 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்ததாகச் சொன்னது. விற்றவற்றை மாற்றிக் கொடுக்கவும் முன்வந்தது. அதாவது 850 வாட் எஸ்எம்பிஎஸ், 1275 வாட் வரை இழுத்தாலும் நிற்காமல் ஓட விடப்பட்டிருந்தது. நீ வாங்கும் எஸ்எம்பிஎஸ், தாங்க முடியாத சுமை வந்தால் தானே அமைதியாக அணைந்துகொள்ள வேண்டும். அது எந்த இடத்தில் அணையும் என்பதை கோல்டு சின்னம் உனக்குச் சொல்லாது.

இனி நம் ஊர்க் கரண்டுக்கு வருவோம். வெளிநாட்டு விமர்சனங்களில் இந்தப் பகுதி பெரும்பாலும் இருக்காது. சில மலிவான எஸ்எம்பிஎஸ்களின் பின்பக்கம் 115, 230 என்று இரண்டு நிலை கொண்ட சிவப்பு ஸ்லைடு சுவிட்ச் இருக்கும். அதைப் பார்த்தால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துவிட்டு வா. பழைய வடிவமைப்பு என்பதற்கு அது அடையாளம். யாராவது தெரியாமல் 115-க்குத் தள்ளிவிட்டு நம் 230 வோல்ட்டில் செருகினால் அந்த நொடியே வெடிக்கும். லேபிளில் 100-240 வோல்ட் என்று போட்ட முழு வீச்சு எஸ்எம்பிஎஸ் வாங்கினால், மாலை நேரத்தில் லோ வோல்டேஜ் ஆகி மின்விசிறி மெதுவாகச் சுற்றும் தெருவிலும் கம்ப்யூட்டர் தடுமாறாது. வெப்பமும் அப்படித்தான். சென்னையில் மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஏசி இல்லாத அறையில் கேபினட்டுக்குள் அதைவிடக் கூடும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெபாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏற ஏற ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதனால் 105 டிகிரிக்கு மதிப்பிட்ட கெபாசிட்டர்கள் இருக்கின்றனவா, முழு வாட்டையும் 50 டிகிரியில் தருவதாக உறுதி சொல்லியிருக்கிறார்களா, 25 டிகிரியில் மட்டுமா என்று தேடிப் பார். கோல்டு உண்மையில் உதவுவது இங்கேதான்: வீணாகும் மின்சாரம் குறைந்தால் உள்ளே சூடும் குறையும்.

யூபிஎஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பாய். கரண்ட் போகும்போது விளையாட்டைச் சேமித்துவிட்டு முறையாக அணைக்க அது உதவும். 12 வோல்ட்டின் தரத்தை யூபிஎஸ் ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். உன் கம்ப்யூட்டர் முழுச் சுமையில் இருக்கும்போது கரண்ட் போனால் கீச்சிட்டுவிட்டு அணைந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் அது ப்யூர் சைன் வேவ் வகைதானா என்று பார். இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் சுவிட்சை யூபிஎஸ் நிலையில் வை. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளியில், எஸ்எம்பிஎஸ் தன் பெரிய கெபாசிட்டரில் தேக்கியதை வைத்து ஏறக்குறைய 16 மில்லி நொடிதான் தாக்குப்பிடிக்கும். மாற்றம் அதைவிடத் தாமதமானால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இன்னொன்று, எர்த். கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறுகிறதா? எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே. அதன் நுழைவாயிலில் உள்ள இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் ஃபேஸையும் நியூட்ரலையும் கேபினட்டோடு இணைக்கின்றன. எர்த் இருந்தால் அந்த மிகச் சிறிய கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் 230-இல் பாதி வோல்ட்டில் மிதக்கும். சரிசெய்ய வேண்டியது வீட்டு வயரிங்கை. மூன்றாவது முனையை விட்டுவிட்டு இரண்டு பின் அடாப்டரில் ஓட்டுவதை மட்டும் செய்யவே செய்யாதே.

கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் நண்பன் ஐந்து ஆண்டாக ஓட்டுகிறானே என்று நீ மறுத்துச் சொல்லலாம். அவனுடையதைப் போலத் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர் சாதாரண வேலையில் 100 வாட்டைத் தாண்டுவதே அரிது. அந்த எஸ்எம்பிஎஸ் பரீட்சையே எழுதவில்லை. அது தேறிவிட்டது என்று எப்படிச் சொல்வது? இங்கே மிச்சம் பிடித்து அந்தப் பணத்தில் இன்னும் பெரிய கார்டு வாங்கினால் ஃபிரேம் கூடுமே என்பது கொஞ்சம் கனமான கேள்வி. எஸ்எம்பிஎஸ் ஒரு ஃபிரேமைக்கூடக் கூட்டாது, உண்மைதான். ஆனால் கார்டு மூன்று நான்கு ஆண்டில் பழையதாகிவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு 7 ஆண்டு, 10 ஆண்டு வாரண்டி இருக்கிறது, அடுத்த கம்ப்யூட்டருக்கும் அதையே தூக்கி மாட்டலாம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பட்டியலில் இதைவிட மலிவான பாகம் கிடைப்பது கடினம். பணம் போதவில்லை என்றால் கார்டில் ஒரு படி இறங்கு, இதில் இறங்காதே.

பிராண்ட் பெயரைச் சொன்னால் போதாதா என்றால், போதாது. ஒரே பிராண்டின் ஒரு வரிசையை ஒரு தொழிற்சாலையும் இன்னொரு வரிசையை வேறொரு தொழிற்சாலையும் செய்து தருவது இந்தத் தொழிலில் வழக்கம். மாடல் பெயரை முழுதாக எடுத்து, எஸ்எம்பிஎஸ்களைச் சோதிக்கும் சைபனெடிக்ஸ் நிறுவனத்தின் இணையப் பட்டியலில் தேடு. 12 வோல்ட்டில் அலைவு 120 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் வரம்பு. நல்ல எஸ்எம்பிஎஸ் அதில் பாதிக்கும் கீழே நிற்கும். பாதுகாப்புகள் எந்தச் சுமையில் செயல்படுகின்றன என்பதையும் அந்த நிறுவனத்தின் சோதனை அறிக்கைகளில் காணலாம். ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் 'இதுவும் அதே மாதிரிதான்' என்று வேறு மாடலை நீட்டினால், அங்கேயே நின்று அதன் பெயரையும் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடு. செகண்ட் ஹேண்டில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினாலும் வாங்கு, எஸ்எம்பிஎஸ் வாங்காதே; உள்ளே கெபாசிட்டர் எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

கடைசியாக ஒன்று. கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில், எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைகளில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் வரும் என்பதற்குப் பொதுத் தரம் கிடையாது. வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் உன்னுடையதில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்கும் ஒரே நொடியில் எரிந்துபோகலாம். பெட்டியில் வந்த கேபிள்களை மட்டும் பயன்படுத்து; மிச்சமானவற்றை அதே பெட்டியில் போட்டு, மேலே மாடல் பெயரை எழுதி வை.

அன்புடன்,
உன் அண்ணன்