காது கொடுப்பதும் ஒரு வைத்தியம்தான்



காய்ச்சல் வந்தால் டிஸ்பென்சரிக்குப் போகிறோம். கை முறிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மனம் உடைந்தால் எங்கே போவது? "இதெல்லாம் ஒரு நோயா? நாலு நாள்ல சரியாகிடும்" என்று விட்டுவிடுகிறோம். மன வேதனையில் இருப்பவருக்குப் பேச்சின் மூலம் கைகொடுப்பதற்கு உளவளத்துணை என்று பெயர். அதற்குப் புதுப் பாதை காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்கரான கார்ல் ரொஜர்ஸ். அவர் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார், எப்படி உதவினார் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பண்ணையில் வளர்ந்த பிள்ளை

ரொஜர்ஸ் 1902இல் சிக்காகோ நகருக்கு அருகில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் நாலாவது பிள்ளை. அவருக்கு 12 வயதானபோது குடும்பம் ஒரு பண்ணைக்குக் குடிபோனது. அதனால் 1919இல் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கத்தான் சேர்ந்தார். பிறகு மதபோதகராக எண்ணி, 1924இல் நியூயோர்க்கில் ஓர் இறையியல் கல்லூரிக்குப் போனார். அதுவும் மனதுக்கு ஒத்துவரவில்லை. வீதிக்கு எதிர்ப்பக்கம் இருந்த கொலம்பியா ஆசிரியர் கல்லூரிக்கு மாறி உளவியல் படித்தார். 1928 முதல் 12 வருடம் ரொச்செஸ்டர் நகரில், சிறுவர்களைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கமொன்றில் வேலை செய்தார்.

வாசலில் கற்ற பாடம்

அங்கே ஒரு தாய் வந்தார். மகன் அடங்காத பிள்ளை. சின்ன வயதில் தாய் அவனை ஒதுக்கியதுதான் காரணம் என்று ரொஜர்ஸ் முடிவு செய்தார். பல தடவை அதைப் பொறுமையாக விளங்கவைக்கப் பார்த்தார். பலன் இல்லை. கடைசியில் இதோடு நிறுத்திக்கொள்வோம் என்று இருவரும் பேசி முடித்தார்கள்.

கதவுவரை போன தாய் திரும்பிப் பார்த்தார். இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் மறுபடி வந்து உட்கார்ந்தார். புருஷனோடு இருந்த கசப்பு, தன் குழப்பம், தோற்றுப்போனேன் என்ற எண்ணம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். உண்மையான உதவி அன்றுதான் தொடங்கியது, நல்லபடியாகவும் முடிந்தது.

எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும். ரொஜர்ஸ் அந்தத் தாயிடம் கற்றது இதைத்தான்.

இருட்டறைக் கிழங்கு

பண்ணை வீட்டு நிலவறையில் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த உருளைக்கிழங்கைப் பற்றி அவர் சொல்லுவார். மண் இல்லை, தண்ணீர் இல்லை. இருந்தும் வெளிறிய முளைகள் 2, 3 அடி நீண்டு, உயரத்தில் இருந்த சின்ன ஜன்னல் வெளிச்சத்தைத் தேடிப் போகுமாம். வீட்டில் விதைக்கிழங்கு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தானே. மனிதனும் அப்படித்தான் என்பது அவர் நம்பிக்கை. குடித்துச் சீரழிந்தவனுக்குள்ளும் வெளிச்சத்தைத் தேடும் ஒரு முளை இருக்கிறது. நாம் முளையைப் பிடித்து இழுக்க வேண்டாம், ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும்.

உதவுபவருக்கு வேண்டிய மூன்று குணங்கள்

1957இல் எழுதிய கட்டுரையில் அவர் வலியுறுத்திய மூன்று குணங்கள் இவை:

1. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை.
2. நிபந்தனை போடாமல் மதித்தல். குடியை ஏற்கவேண்டும் என்பதில்லை, குடிப்பவரை மனிதராக ஏற்கவேண்டும்.
3. அவர் இடத்தில் நின்று, அவர் கண்ணால் பார்த்தல்.

லயத்தில் இதை எப்படிச் செய்வது?

பக்கத்துக் காம்பராத் தங்கச்சி வந்து, "அக்கா, மலைக்குப் போகவே மனசில்ல, எதுவுமே பிடிக்கல" என்கிறாள். நாம் வழக்கமாக, "எல்லாரு வீட்லயும் கஷ்டம்தான், போயி வேலையப் பாரு புள்ள" என்போம். அவள் வாய் அதோடு மூடிவிடும்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ரொம்பக் களைச்சுப் போயிட்ட மாதிரி பேசுற. என்னான்னு சொல்லு, நான் கேக்குறேன்." பிறகு குறுக்கே பேசாதீர்கள். புத்தி சொல்ல அவசரப்படாதீர்கள். அவள் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். லயத்துச் சுவருக்குக் காது உண்டு. ஆகவே கேட்டதைப் பீலிக்கரைப் பேச்சாக்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால்

"செத்துப் போகலாம்போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்கக்கூடாது. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். புல்லுக்கு அடிக்கும் மருந்து, மாத்திரை எதையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரகசியம் பார்க்கவேண்டாம். நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

உளவளத்துணையாளராக வருவதற்குப் படிப்பும் பயிற்சியும் வேண்டும். கடும் மனநோய்க்கு வைத்தியரும் மருந்தும் வேண்டும். ஆனால் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்ப்பவரை "வா, உக்காரு" என்று கூப்பிட நம் எல்லோராலும் முடியும்.

வீட்டில் பேசிப் பார்க்க:

1. இந்த வாரம் நம் பிள்ளை சொன்ன எதைப் பாதியிலே நிறுத்தினோம்?
2. நம் லயத்தில் கொஞ்ச நாளாகப் பேச்சுக் குறைந்துபோனவர் யார்? அவரிடம் முதலில் போகப்போவது யார்?