கினபாலு ஏறப் போகிறீர்களா?

இளைஞர் முகாம்களில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, "அண்ணே, கினபாலு ஏற எத்தனை மணி நேரம் ஆகும்?" என்பதுதான். அங்கே என்ன இருக்கு என்று கேட்பவர்கள் குறைவு. ஆகவே, மணிக்கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவோம்.

சபா மாநிலத்தின் கினபாலு பூங்கா 1964-இல் அமைக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் சரவாக்கின் குனோங் மூலு தேசியப் பூங்காவும் இதுவும் சேர்ந்தே நம் நாட்டின் முதல் உலக மரபுடைமைத் தளங்களாயின. 4,095 மீட்டர் உயரத்துக்காகக் கிடைத்த பெருமை அல்ல அது, காட்டுக்காகக் கிடைத்தது.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். அதனால் ஒரே மலையில் பல காடுகள். கீழே வானளாவிய மரங்கள். பூங்கா அலுவலகத்தின் பக்கம் ஓக் இன மரங்கள். மேலே போகப் போக மரம் குட்டையாகும். கிளையெல்லாம் பாசி தொங்கும். மேகம் நம் முகத்தில் வந்து உரசும். அப்புறம் புதர். கடைசியில் வெறும் கருங்கல்.

இங்குள்ள குடுவைச் செடிகளில் மிகப் பெரியது 'ராஜா'. அதன் குடுவையில் இரண்டு லிட்டருக்கு மேல் நீர் பிடிக்கும். மூடியில் சுரக்கும் இனிப்பை நக்க, அணில் போன்ற மர மூஞ்சூறு குடுவையின் விளிம்பில் வந்து உட்காரும். நக்கிக்கொண்டே உள்ளே எச்சமிடும். செடிக்கு அதுதான் உரம்! மண்ணில் சத்துக் குறைந்த இடத்தில் எப்படியொரு ஏற்பாடு பாருங்கள்.

கடசான்டூசுன் மக்களுக்கு இந்த மலை முன்னோரின் ஆன்மாக்கள் தங்குமிடம். உச்சியில் கூச்சல் போடுவது, அரைகுறை ஆடையில் படமெடுப்பது எல்லாம் அவர்கள் மனதைப் புண்படுத்தும். நம் கோயிலில் யாரும் அப்படிச் செய்தால் சும்மா இருப்போமா?

இனி ஏற்றம். திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது. இரவு தங்கும் பானாலாபான் ஏறத்தாழ 3,270 மீட்டர். பத்துமலையின் 272 படிகளை ஒரே மூச்சில் ஏறிய கால்கள் இதையும் ஏறிவிடலாம். மூச்சுதான் சிக்கல். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 விழுக்காடே. தலைவலி, வாந்தி, தலைசுற்றல் வந்தால் அது மலைநோயாக இருக்கலாம். உடற்பயிற்சி செய்தவரையும் அது விடாது. அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்க வேண்டும்.

நான் ஒன்பது பேரை அழைத்துப்போன பயணத்தில் ஒரு தங்கச்சிக்கு இதுதான் நடந்தது. ஆறு மாதம் மாடிப்படி ஏறிப் பழகியவள். பானாலாபானில் இரவு இரண்டு முறை வாந்தி. "மாத்திரை போட்டுக்கிட்டு வாடி, இவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்றார்கள் தோழிகள். மலை வழிகாட்டி அவள் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் அழுதாள். நானும் அவரோடு நின்றேன். மாத்திரை வலியை மறைக்குமே தவிர, நோயை மாற்றாது. விடிந்ததும் அவளோடு நானும் மெதுவாக இறங்கினேன். பாசிக் காட்டுக்கு வந்தபோது தலைவலி விட்டிருந்தது. பாதையோரத்தில் குடுவைச் செடியை முதலில் கண்டுபிடித்தது அவள்தான். விடியற்காலை உச்சிக்குப் போய்த் திரும்பிய எட்டுப் பேரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

வழிகாட்டியின் சொல்லுக்கு நான் மதிப்புத் தர இன்னொரு காரணமும் உண்டு. 2015 ஜூன் 5-ஆம் தேதி 6.0 ரிக்டர் நிலநடுக்கத்தில் இந்த மலையில் 18 பேர் மாண்டார்கள். சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்களும் அவர்களில் உண்டு; உடன் சென்ற வழிகாட்டிகளும் உண்டு. காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து இறக்கியவர்களும் அந்த ஊர் வழிகாட்டிகளே.

அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம். பானாலாபானில் படுக்கைகள் குறைவு. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். முடிந்தால் ஏறுவதற்கு முதல் நாளே போய், பூங்கா அலுவலகத்தைச் சுற்றியுள்ள குறும்பாதைகளில் நடங்கள். உடம்பு பழகும். மழைச்சட்டை, கையுறை, தலைவிளக்கு மூன்றும் பையின் மேல்பக்கமே இருக்கட்டும்.