கோல் விழாத நாள்கள்

ஷா ஆலம்

என் செல்ல மருமகன் கவினுக்கு,

ஜகார்த்தா கிளப் ஒன்று உன்னைச் சோதனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருப்பதாக உன் அம்மா போனில் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். சந்தோஷமா, பயமா என்று நான் கேட்கவில்லை, இரண்டும்தான் இருக்கும்.

உன் காலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கோல் விழாத நாளில் நீ வீட்டுக்குள் நுழைகிற விதம்தான் கவலை. பூட்ஸ் சேறோடு காரிலேயே கிடக்கும். சோறு மேசையில் ஆறும். பாட்டி கூப்பிட்டாலும் பதில் வராது. ராஜாவுக்குக் கோபமாம்!

உன் அலமாரிக் கதவில் சாஃபி சாலி படம் ஒட்டி வைத்திருக்கிறாயே, நம் காஜாங் பிள்ளை, அவரைக் கொஞ்சம் கவனி. 2010 தென்கிழக்காசிய சுசுகி கிண்ணக் காற்பந்தில் 5 கோலோடு முதலிடம் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த ஐந்தும் எப்போது விழுந்தன தெரியுமா? முதல் ஆட்டத்தில் நம் மலேசியா இந்தோனேசியாவிடம் 1-5 என்று உதை வாங்கியது. தாய்லாந்தோடு கோலே இல்லை. லாவோஸுக்கு ஐந்து போட்டோம், அதிலும் சாஃபி பெயர் இல்லை. பிறகுதான் அரையிறுதியில் வியட்நாமுக்கு இரண்டு, இறுதிச் சுற்றின் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து மூன்று.

கோல் கணக்கே இல்லாத ஒருவரை அரையிறுதியில் இறக்க நெஞ்சுரம் வேண்டும். நம் பயிற்றுநர் கே. ராஜகோபாலிடம் அது இருந்தது. ஆனால் அந்த நம்பிக்கையைச் சாஃபியும் பயிற்சித் திடலில் சம்பாதித்திருக்க வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு யாரடா இடம் தருவார்?

டிசம்பர் 26 புக்கிட் ஜாலிலில் நடந்த முதல் இறுதியாட்டத்தின் காணொளியைத் திரும்பப் போட்டுப் பார். லேசர் ஒளி அடிக்கிறார்கள் என்று இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் வெளியே நடந்தார்கள், ஆட்டம் நின்றது. மறுபடி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நம் ஆட்டக்காரர் நோர்ஷாருல் ஓரத்திலிருந்து பந்தை உள்ளே தள்ளினார். அந்த இடத்தில் பந்தைப் பார்க்காதே. பந்து வருவதற்கு முன்பே கோல் வாசலுக்கு ஓடி வருகிற சாஃபியின் கால்களைப் பார். ஆட்டம் 3-0 என்று முடிந்தது. அடுத்த ஆட்டத்துக்குப் பிறகு கிண்ணமும் நமக்கே வந்தது.

அடுத்த வருஷம், தங்களை அழவைத்த அந்த சாஃபியையே இந்தோனேசியாவின் பெலித்தா ஜெயா கிளப் கூப்பிட்டுக்கொண்டது. தோற்ற ரசிகர்களின் ஊரில் போய் ஆடுவது லேசான காரியமா? நீ போவதும் அதே நாட்டுக்குத்தான். சமையல்காரர், ஜெர்சி துவைப்பவர், வாசல் காவலர் எல்லாரிடமும் பெயர் கேட்டுப் பழகு.

சுவீடனின் ஹென்ரிக் லார்சனையும் உனக்குச் சொல்ல ஆசை. 1999இல் கால் முறிந்தவர், 2000-01 பருவத்தில் செல்டிக் கிளப்புக்காக 53 கோல் போட்டார். அதைவிட எனக்குப் பிடித்தது, 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். பார்சிலோனா 0-1 என்று பின்தங்கியிருந்தபோது, 34 வயதில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். இரண்டு கோல் விழுந்தன. இரண்டுக்கும் பந்து எடுத்துக் கொடுத்தது அவர், அடித்தது வேறு ஆள்கள். அன்றைக்கு அவர் பெயரில் கோலே கிடையாது.

பூட்ஸை அன்றன்றைக்கே கழுவி, நாளிதழைத் திணித்துக் காயவை. அம்மா வந்து கழுவமாட்டாள்.

ஒப்பந்தம் என்று எதையாவது நீட்டினால் கையெழுத்துப் போடும் முன் படம் எடுத்து எனக்கு அனுப்பு. மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி நின்ற ஆட்டக்காரர்களை நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறோம். அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்ற வரியை முதலில் தேடு.

ஆட்டம் முடிந்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணு, தோற்ற அன்றைக்கு முதல் வேலையாக. கோல் அடித்தாயா என்று அவள் கேட்கமாட்டாள்.

அன்புடன்,
மாமா