காதும் கைப்பேசியும் இணைய மறுத்தால்

மாலை நேரத்தில் ஆவடி செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பார்த்தால், எதிரில் அமர்ந்திருப்போர் பலருடைய காதுகளில் ஒரு சிறு பொருள் செருகியிருப்பதைக் காணலாம். கம்பியில்லா இயர்பட்ஸ் என்று அதனைச் சொல்கிறோம். பெரும்பாலோர்க்கு அது பாட்டுக் கேட்கும் கருவி. என் நண்பன் ஒருவனுக்கோ அதுவே பாடப் புத்தகம். சென்ற பருவத் தேர்வுக்கு நான்கு நாட்கள் இருந்தபோது அந்தப் புத்தகம் திறக்க மறுத்தது. அதைத் திறக்க முயன்றபோது நான் கற்றுக்கொண்டதை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நண்பன் வரலாற்றுத் துறை மாணவன், பார்வை இல்லாதவன். பூந்தமல்லியில் பார்வைக் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு நம் கல்லூரிக்கு வந்தவன். கைப்பேசித் திரையில் விரல் படும் இடத்தில் இருப்பதையெல்லாம் குரலாகப் படித்துச் சொல்லும் வசதியைக் கொண்டே அவன் அதனை இயக்குகிறான். வகுப்புக் குறிப்புகளை நாங்கள் சிலர் வாசித்துப் பதிவு செய்து அனுப்புவோம். இரண்டு அறை கொண்ட வீட்டில் தம்பி தங்கைகளும் படிப்பதால் ஒலியைக் காதோடு வைத்துக்கொள்ள வேண்டிய நிலை. அவனுடைய கைப்பேசியிலோ கம்பி செருகும் வட்டத் துளை கிடையாது. ஆகவே, அண்ணன் தான் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த இயர்பட்ஸையே நம்பியிருந்தான். "என்ன செஞ்சாலும் சேர மாட்டேங்குதுடா" என்று அவன் சொன்னபோது, இயற்பியல் மாணவன் என்ற பெருமையில் "நான் பார்த்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

புளூடூத் என்பது யாது?

கைப்பேசியையும் இயர்பட்ஸையும் இணைப்பது புளூடூத் என்னும் குறுந்தொலைவு வானொலி முறை. சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் இதற்கான பணி தொடங்கிற்று. 1998-இல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து இதற்கெனக் குழு அமைத்தன. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் புளூடூத் என்ற அரசனின் பெயரே இதற்கு இடப்பட்டது.

இது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் இயங்குகிறது. ஒரு காலத்தில் நம் நாட்டில் வானொலிப் பெட்டி வைத்திருக்கவே அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் பெற வேண்டியிருந்தது. இந்த அலைவரிசையில் குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2005 ஜனவரியில் மத்திய அரசு விதி வகுத்தது. உரிமம் வேண்டாத இடமாதலால் இங்கே கூட்டமும் அதிகம். வைஃபை இதே இடத்தில் இயங்குகிறது. மைக்ரோவேவ் அடுப்பின் அலையும் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் இரு கருவிகள் மட்டும் எவ்வாறு பேசிக்கொள்கின்றன? ரயில் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். இரு நண்பர்கள், "பட்டரவாக்கத்தில் மூன்றாம் பெட்டி, அம்பத்தூரில் ஏழாம் பெட்டி, திருமுல்லைவாயிலில் முதல் பெட்டி" என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு நிலையத்துக்கு நிலையம் பெட்டி மாறினால், எந்தப் பெட்டியில் நெரிசல் இருந்தாலும் உரையாடல் முழுவதும் கெடாது. புளூடூத்தும் அவ்வாறே. இயர்பட்ஸுக்குப் பாட்டு அனுப்பும் வழக்கமான முறையில், 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை இரு கருவிகளும் ஒன்றாகத் தாவுகின்றன.

இணைதல் என்பது நினைவு

முதன்முறை இரு கருவிகளும் சேரும்போது தமக்குள் ஓர் இரகசியத் திறவுகோலை உருவாக்கிக்கொள்கின்றன. அது இரும்புச் சாவி அன்று, ஓர் எண். அந்த எண்ணை இரண்டும் தத்தம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. மறுநாள் டப்பாவைத் திறந்தவுடன் தாமாகவே இணைவது இதனால்தான். ஒன்று அந்த எண்ணை மறந்து மற்றொன்று மறவாதிருந்தால் இணைப்பு நிகழாது. புதுப் பூட்டுப் போட்ட வீட்டைப் பழைய சாவியால் திறக்க முயல்வது போன்றதே அது. அப்போது இயர்பட்ஸும் பழுதன்று, கைப்பேசியும் பழுதன்று. இரண்டின் நினைவும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவே. இது தெரியாமல் நான் ஒரு நாளை வீணாக்கினேன்.

நான் செய்த பிழைகள்

ரயிலிலேயே கைப்பேசியை எடுத்து இணைக்கப் பார்த்தது முதற்பிழை. பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தது. ஒரே வகை இயர்பட்ஸ் எல்லாம் பெரும்பாலும் ஒரே பெயரைக் காட்டும். வேறு யாருடையதையோ பலமுறை தொட்டுக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. அடுத்து, அம்பத்தூரில் ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "பேட்டரி போயிடுச்சு தம்பி, புதுசு வாங்கிடுங்க" என்றார். நண்பனிடம் அதற்குப் பணம் இல்லை. என்னிடமும் இல்லை. தேர்வுக்கு மூன்று நாட்களே இருந்தன.

அன்றிரவு நினைவுக்கு வந்தது எங்கள் ஆய்வுக்கூடப் பாடம். மீட்டர் பிரிட்ஜில் முள் தவறாக ஓடினால் எல்லா இணைப்புகளையும் ஒரே நேரத்தில் பிடுங்கக்கூடாது; ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துக்கொண்டு, பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும் என்பார் எங்கள் பேராசிரியர். மறுநாள் நண்பன் வீட்டில் அவ்வாறே தொடங்கினேன்.

பழுது காணும் முறை

முதலாவது, மின்னூட்டம். டப்பாவில் வைத்தபோது இடப்பக்க இயர்பட்டின் விளக்கு எரிந்தது, வலப்பக்கத்தது எரியவில்லை. அதன் அடியிலுள்ள உலோகப் புள்ளிகளில் காதழுக்குப் படிந்திருந்தது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற்றினேன். இரண்டு விளக்குகளும் எரிந்தன. கடைக்காரர் கூற்று பொய்த்தது. ஆயினும் இணைப்பு ஏற்படவில்லை.

இரண்டாவது, வேறொரு கைப்பேசியில் சோதித்தல். என் கைப்பேசியில் தேடினேன், பெயரே வரவில்லை. ஆகவே நண்பனுடைய கைப்பேசியை மட்டும் குறை சொல்ல இயலாது என்று தெரிந்தது. இயர்பட்ஸ் கெட்டிருக்க வேண்டும், அல்லது வேறெங்கோ இணைந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வேறெங்கே இணைந்திருக்கிறது என்று தேடுதல். அடுத்த அறையில் அண்ணனின் கைப்பேசி சார்ஜில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால், நாங்கள் டப்பாவைத் திறந்த கணமே இயர்பட்ஸ் தன் பழைய உரிமையாளரிடம் ஓடிச் சேர்ந்திருந்தது! இவ்வாறு ஒன்றோடு சேர்ந்துவிட்ட இயர்பட்ஸ் பெரும்பாலும் மற்றவர் பட்டியலில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அண்ணனின் கைப்பேசியில் புளூடூத்தை நிறுத்தினோம். உடனே என் கைப்பேசியில் பெயர் தோன்றியது.

நான்காவது, பழைய நினைவை அழித்தல். நண்பனுடைய கைப்பேசி இன்னும் "இணைக்க முடியவில்லை" என்றே சொன்னது. விசாரித்ததில், சில மாதங்களுக்கு முன் அதில் ஒருமுறை இணைத்ததாகவும், பின்னர் இயர்பட்ஸை அண்ணன் ரீசெட் செய்ததாகவும் தெரிந்தது. கைப்பேசியிடம் பழைய சாவி, இயர்பட்ஸிடம் ஒன்றுமில்லை. கைப்பேசியின் புளூடூத் பட்டியலில் 'ஃபர்கெட்' என்பதைத் தொட்டு அப்பெயரை நீக்கினோம். அண்ணனின் கைப்பேசியிலும் நீக்கினோம்.

ஐந்தாவது, இயர்பட்ஸை ரீசெட் செய்தல். இதில் ஒரு எச்சரிக்கை தேவை. இடமும் வலமும் தமக்குள்ளும் இணைந்தவை. ஒன்றை மட்டும் ரீசெட் செய்தால் இரண்டும் பிரிந்து, ஒரு காதில் மட்டும் ஒலி கேட்கும் தொல்லை வரலாம். ஆகவே இரண்டையும் டப்பாவில் வைத்தே செய்தல் நலம். எந்தப் பொத்தானை எத்தனை நொடி அழுத்துவது என்பது கருவிக்குக் கருவி மாறும். உடன் வந்த குறிப்புத்தாளைப் பார்க்க வேண்டும். அதன்பின் கைப்பேசியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் புதிதாக இணைத்தோம். இரண்டு காதிலும் குரல் வந்தது. அன்றிரவே நண்பன் பாடம் கேட்கத் தொடங்கினான்.

கண்ணுள்ளோர் காணாதது

குறிப்புத்தாளில் "நீல விளக்கு மினுக்கும்வரை அழுத்தவும்" என்று போட்டிருந்தது. நண்பன் சிரித்தான். "நீலம் எனக்கு எதுக்குடா? எத்தனை எண்ணணும்னு சொல்லு" என்றான். பன்னிரண்டு எண்ணினால் விளக்கு மாறுகிறது என்று கண்டு சொன்னேன். அதனை மனத்தில் வைத்துக்கொண்டான். மற்றொன்றையும் அவனே சொன்னான். டப்பா சரியாக மூடாமல் பையில் கிடந்தால் கைப்பேசியின் குரல் முழுவதும் அதற்குள் போய்விடுகிறது. கையிலுள்ள கைப்பேசி ஊமையாகிவிடுகிறது. நமக்கு அது சிறு எரிச்சல். அவனுக்குத் திரையே அணைந்தது போலாகும், அதுவும் நடுவழியில். ஆகவே மூடியின் 'டக்' ஒலி கேட்டபின்பே பையில் போடும் வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறான். கைப்பேசியின் சார்ஜ் துளையில் செருகும் கம்பி இயர்போன் ஒன்றையும் மாற்றாக வைத்திருக்கிறான்.

முடிவுரை

மின்னூட்டம், வேறு கைப்பேசி, வேறு இணைப்பு, பழைய நினைவு, ரீசெட் என்னும் இந்த வரிசையில், ஒரு நேரத்தில் ஒன்றாகச் சென்றால் பல இடங்களில் புதிது வாங்கும் செலவு மிச்சமாகும். ஐந்தும் செய்து, வேறு எந்தக் கைப்பேசியிலும் சேரவில்லையென்றால் மட்டுமே இயர்பட்ஸ் கெட்டது என்று முடிவு செய்யலாம்.

நண்பன் அத்தாளில் தேர்ச்சி பெற்றான். சென்ற மாதம் என்னுடைய இயர்பட்ஸ் இணைய மறுத்தபோது, நான் வழக்கம்போல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். அவன் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி: "இதை வேற எந்த போன்ல போட்ட?"