நிறம் மறையும் கல்

நம் திருமானூர் கொள்ளிடக்கரை ஊர். வடக்கே அரியலூர்ப் பக்கம் சென்றால் சுண்ணாம்புக்கல்லும், அங்கே கடல் இருந்த காலத்துக் கிளிஞ்சல் படிவங்களும் கிடைக்கும். ஆகவே கல் சேகரிப்பு என்றதும் நம் மாணவிகளுக்குப் படிவங்களே நினைவுக்கு வரும். இம்முறை வேறொரு பாறையைக் காண்போம்.

அதன் பெயர் சையனைட். (நஞ்சாகிய சயனைடுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்! எகிப்தின் அஸ்வான் நகரது பழம்பெயரிலிருந்து வந்தது இது.) பார்வைக்குக் கருங்கல் போலவே இருக்கும். ஆனால் கருங்கல்லில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸ் இதில் மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. பாறைக்குழம்பில் சிலிகா போதாதபோது நெபிலின், சோடலைட் போன்ற கனிமங்கள் உருவாகின்றன. குவார்ட்ஸ் இருக்கும் இடத்தில் நெபிலின் உருவாகாது. சோடலைட்டில் சமையல் உப்பில் உள்ள சோடியம், குளோரின் இரண்டும் உண்டு. 1811-இல் தாமஸ் தாம்சன் அதற்குப் பெயரிட்டதும் சோடியத்தைக் கொண்டே.

இப்பாறையைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பகுதியில் நெபிலின் சையனைட் உண்டு. டி. எச். ஹாலந்து 1901-இல் இதை விரிவாக எழுதினார். நெபிலினை எப்படி அறிவது? உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு இருக்கும். வெயிலிலும் மழையிலும் அது முதலில் கரைந்து குழியாகும். பெல்ஸ்பார் மேடாக நிற்கும். அங்கேயே குருந்தக்கல்லும் கிடைக்கிறது. வைரத்துக்கு அடுத்த கடினம் கொண்ட அக்கல்லை ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்கிறார்களே, அது நம் குருந்தம்தான்! அப்பகுதியின் மழைநீர் காவிரியில் சேர்வதால், அதன் துகள் ஒன்றிரண்டு நம் கொள்ளிட மணலிலும் கிடக்கலாம்.

சோடலைட்டுக்குப் பேர்போன இடம் ராஜஸ்தானத்துக் கிஷன்கர். வியப்பான செய்தி ஒன்றை வ்ரெடன்பர்க் 1904-இல் எழுதினார்: அங்குள்ள சோடலைட்டைப் புதிதாக உடைத்தால் நல்ல செந்நிறம், பகல் வெளிச்சம் பட்டால் சிறிது நேரத்தில் மறைந்துவிடும், இருட்டில் வைத்திருந்தால் திரும்பி வரும். இவ்வகைக்கு ஹேக்மனைட் என்று பெயர். வீட்டுக்கு வந்து பையைத் திறப்பவருக்கு அது வெறும் வெளிறிய கல்! உடைத்த கணத்தில் கண்டதை அங்கேயே குறிக்காவிட்டால் பின்னர் நினைவை நம்பித்தான் எழுத வேண்டும்.

எனவே சுத்தியலுக்கு முன் பென்சிலும் நோட்டும் எடுத்துக்கொள்வோம். உரியவரின் அனுமதி பெற்று, குவாரியில் ஏற்கெனவே உடைந்து கிடக்கும் சில்லுகளில் தேடுவதே போதும். கோயில் உள்ள மலையில் கை வைக்கலாகாது. சுத்தியலைத் தொட்டால் கண்ணாடி அணிய வேண்டும். ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே செய்தித்தாளில் சுற்றி, இடம், நாள், உடைத்தபோது இருந்த நிறம், பக்கத்தில் ஒட்டியிருந்த கனிமம் ஆகியவற்றை எழுதிய சீட்டை உள்ளே வைப்போம். சீட்டு தொலைந்தாலும் அடையாளம் தெரிய, கல்லின் ஓர் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் தடவி, அதன்மேல் எண் எழுதி, அதே எண்ணை நோட்டிலும் பதிந்துவிடலாம்.